தைல வாசனை போன தூரம்

சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவதென்று எனக்குத் தெரியாது. வீட்டில் விசாரித்தால் சொல்வார்கள். எழுதினால் கை வலிக்கும், அங்கே நிறுத்திவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

நம்முடையது குனிந்து பார்க்கும் தொழில். சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர், எல்லாம் முழங்காலுக்குக் கீழே இருப்பவை. ஓய்வு பெற்ற மறுவாரம் இடுப்பு டாக்டரிடம் போனேன். “என்ன வேலை பார்த்தீங்க?” என்றார். சொன்னேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

எனக்குத் தொழில் பழக்கிய மூத்தவர் ஒருவர் இருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் சாமி படத்தைக்கூடப் பார்க்க மாட்டார். “சீக்கு தரையிலதான்லே இருக்கும். மேல பாத்தா ஒட்டடதான் இருக்கும்” என்பார். அவர் பார்த்த காலராவுக்கும் டெங்குக் கொசுவுக்கும் அது முழுக்கச் சரி. என் பணிக்காலத்தின் கடைசியில், தரையில் இல்லாத ஒரு சீக்கு வந்தது. அந்தச் சமயத்தில் நடந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன்.

கொரோனாவின் பெரிய அலை ஓய்ந்து, ஜனங்கள் முகக்கவசத்தைத் தாடைக்குப் போட்டுக்கொண்டு திரிந்த நாட்கள். கார்த்திகை அடைமழை. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸ். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தப் பக்கத்தில் ‘ஆபீஸ்’ என்றால் தீப்பெட்டி செய்கிற இடம். நீங்களும் நானும் வேலை பார்க்கும் இடத்தை ஆபீஸ் என்று இங்கே யாரும் மதித்துச் சொல்வதில்லை.

அந்த ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற நீளமான அறை ஒன்று. பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து அடைப்பார்கள். அங்கே ஒவ்வொருத்தியாகக் காய்ச்சல் என்று வேலைக்கு வராமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பரிசோதனையில் உறுதியானதும் என்னை அனுப்பினார்கள்.

நான் சொல்லப்போவது இரண்டாவது முறை போனபோது நடந்தது. முதல் முறை போனபோதே முதலாளி அண்ணாச்சி எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். தரையில் ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம், வட்டத்துக்கு ஒரு பெண். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே கூரையிலிருந்து தரைவரை பிளாஸ்டிக் தாள் தொங்கியது. வாசலில் கை கழுவ சோப்பு. கல்யாண வீடு மாதிரி இருந்தது. நானும் மெச்சிவிட்டுத்தான் வந்தேன். அப்படியும் காய்ச்சல் நிற்கவில்லை.

யாருக்கு யார் பக்கம் என்று விசாரித்தேன். அதுதானே நம் பாடம். பக்கத்தில் இருந்தவளுக்கு வந்திருந்தால் கதை எளிது. இங்கே கிழக்கு மூலையில் ஒருத்திக்கு, வாசலோரம் ஒருத்திக்கு, நடுவில் ஒருத்திக்கு. ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்தார்களா? இல்லை. ஒரே ஆட்டோவில் வந்தார்களா? இல்லை. உறவா? “அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது சார்” என்றாள் ஒருத்தி, கொஞ்சம் பெருமையாகவே.

அறைக்கு ஜன்னல்கள் இருந்தன, ஆனால் அத்தனையும் சாத்தியிருந்தது. சாத்தியதோடு விடாமல் இடுக்குகளில் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். இது நம் சீமைக்கே உரிய பழக்கம். இந்த ஊர்க் காற்று காய்ந்த காற்று. தீப்பெட்டித் தொழில் இங்கே வந்து உட்கார்ந்ததே அந்த வறட்சிக்காகத்தான். வருடம் முழுக்க ஜன்னல்கள் திறந்தே கிடக்கும், கரிசல் புழுதி தாராளமாக வந்து போகும். மழை மாதத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். ஈரக்காற்று உள்ளே வந்தால் குச்சி நமுத்துவிடும். எனவே கதவைச் சாத்து, சாக்கைத் திணி. மருந்து பூசிய குச்சி புழங்கும் இடம் என்பதால் மின்விசிறியும் கிடையாது. குச்சியைக் காப்பாற்ற அறைக்குள் காற்றைப் பூட்டி வைப்பார்கள். அந்தக் காற்றோடு பெண்களும் பூட்டப்படுவார்கள் என்பது யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

வாசலில் நின்று முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது என் பக்கத்து வட்டத்தில் இருந்த செண்பகம் எதிர்மூலையைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏட்டி எஸ்தரு! தைலத்தத் தேய்ச்சியா, தைலத்துல குளிச்சியா? இங்கன எங்கண்ணு எரியுது!”

எதிர்மூலையிலிருந்து பதில் வந்தது. “ஒனக்கு மூக்கு நீளம். அதான் அங்கன வரைக்கும் வருது. இது பழைய தைலம்ட்டி, வாசமே இல்ல. அதனாலதான் மறுக்கா மறுக்கா தேய்க்கேன்.”

“வாசமில்லயா? எங்க சீலையெல்லாம் மணக்குது! இந்தப் பெட்டியப் பத்தவைக்கவன் தலவலியும் சேந்து போயிரும், பாத்துக்க.”

அறையே சிரித்தது. முதலாளி சிரித்தார், நானும் சிரித்தேன். தைலம் எனக்கும் மணத்தது. அறையின் முழு நீளத்தையும், அத்தனை சுண்ணாம்பு வட்டங்களையும், தொங்குகிற தாள்களையும் தாண்டி வந்து மணத்தது. என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வாயிலிருந்து தெறிப்பதில் கனமான துளிகள் பக்கத்திலேயே விழுந்துவிடும், மிக நுண்ணியவை விழாமல் காற்றில் மிதக்கும், வெளியே போக வழியில்லாத அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும் என்றெல்லாம் நான் படித்திருந்தேன். சுற்றறிக்கையிலும் ஓரமாக ஒரு வரி வந்திருந்தது. படித்தது மண்டையின் ஒரு மூலையில் இருந்தது. நான் வேறு மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைலம் ஆறடிக்குக் கட்டுப்படவில்லை என்றால் மூச்சு மட்டும் எதற்குக் கட்டுப்பட வேண்டும்? அந்தத் தாள்கள் கொஞ்சநஞ்சம் அசைந்த காற்றையும் அறை அறையாகத் தேக்கி வைத்திருந்தன. நான் மெச்சிய தாள்கள்.

இது ஒன்று. இன்னொன்று எஸ்தர் சொன்னது. டப்பாவை வாங்கி மோந்தேன். புதுத் தைலம், மூக்கைப் பிய்த்துக்கொண்டு போனது. அவளுக்கோ வாசமே இல்லையாம்.

“எத்தன நாளா தலவலி?” என்று கேட்டேன்.

“மழைக்கு வாரதுதான் சார்.”

“சோறு ருசிக்குதா?”

மடியிலிருந்த முறத்துக் குச்சிகளை அளைந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “சார், வேலைய நிறுத்திராதீங்க. எம்மக தலப்பிரசவத்துக்கு வந்திருக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு.”

இங்கேதான் தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம். விதிமுறைப்படி எனக்கு வேலை சுலபம். ஆபீஸை மூடு, மருந்து அடி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு, வீட்டிலேயே தனிமையில் இருக்கச் சொல். எஸ்தரின் வீட்டை நான் அறிவேன். கொசுப்புழு தேடிப் போயிருக்கிறேன். ஒரே அறை, ஒரே கதவு. ஜன்னல் என்று ஒன்று உண்டு, அதை மறைத்துக்கொண்டு பீரோ நிற்கும். வெளியே அடைமழை, உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. தனிமையில் இரு என்றால் எங்கே இருப்பாள்? பீரோவுக்குள்ளா? நிறைமாதத்தில் இந்த நோய் கண்டவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று முந்தைய அலையில் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மேலும் ஒருவர் இருந்தார்.

“மூடிட்டீங்களா? மருந்து அடிச்சு போட்டோ அனுப்புங்க.”

“சார், மூடினா இத்தன பேரும் வீட்டுக்குப் போவாங்க. மழைக்கு எல்லா வீடும் மூடித்தான் கிடக்கும். இந்த அறையவிடச் சின்ன அறை. அறிகுறி இருக்கிறவங்களத் தனியா வச்சிட்டு மத்தவங்களக் காத்தோட்டமா உட்கார வைக்கலாம்னு பார்க்கிறேன்.”

அப்புறம் சொன்னார்: “உங்க பொறுப்பு.”

அரசு வேலையில் இந்த இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும். சரியாக முடிந்தால் அது அவர் கொடுத்த அனுமதி. தப்பாக முடிந்தால் அது அவர் கொடுத்த எச்சரிக்கை. போட்டோ மட்டும் தவறாமல் அனுப்பினேன். வாசல் கேட்டுக்கு மருந்து அடித்து எடுத்த படம். அந்த இரும்புக் கேட்டுக்கு அதற்கு முன்பும் பின்பும் காய்ச்சல் வந்ததாகத் தகவல் இல்லை.

முதலாளியிடம் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“சார், நீங்க மூடச் சொன்னா மூடிட்டுப் போயிருவேன். திறக்கச் சொல்லுதீங்களே! வடக்க போற லோடு. நமுத்த குச்சிய அனுப்புனா, அங்க அவன் உரசுவான், மெழுகு மாதிரி வழுக்கும். எம்பேர அங்க இருந்தே உரசுவான்.”

“அண்ணாச்சி, மூடி வச்சா குச்சி பத்தும். அடைக்க ஆள் இருக்காது.”

அவர் மழையைப் பார்த்தார். குச்சிக் குவியலைப் பார்த்தார். செண்பகம் இருமினாள். அவளையும் பார்த்தார். பிறகு எரிச்சலோடு சொன்னார்: “அப்ப ஒண்ணு செய்யுதேன். குச்சியக் கொண்டு உள்ளறையில பூட்டுதேன். கொஞ்சங்கொஞ்சமா எடுத்துத் தாரேன். அடைச்ச பெட்டிய அப்பவே உள்ள வாங்கிக்கிடுதேன். ஆளு வெளிய, குச்சி உள்ள. போதுமா?”

போதுமா என்று கேட்டவருக்குத் தான் சொன்னதன் அருமை தெரியவில்லை. குச்சிக்கு மூடிய அறை, ஆளுக்குத் திறந்த அறை. நான் படித்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. சாக்கைப் பிடுங்கினோம், தாள்களை அறுத்தோம். ஜன்னல்கள் திறந்தபோது ஈரக்காற்று அறைக்குள் ஓடியது. பெண்கள் குளிருகிறது என்று என்னைத் திட்டினார்கள். தைல வாசனை எப்போது போனதென்றே தெரியவில்லை.

தனியாக இருக்க வேண்டும் என்றதும் எஸ்தர் எழுந்து சேலையை உதறிக்கொண்டு கிளம்பினாள். “நான் வீட்டுக்குப் போறேன். எம்புள்ள தனியாக் கெடக்கா.”

“அதுக்காகத்தான் நீங்க போகக் கூடாதுன்னு சொல்றேன்.”

“ராத்திரி பூரா அவ பக்கத்துலதான படுத்திருந்தேன்? வாரதுன்னா வந்திருக்கும்லா? இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?”

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வராமல் இருந்தால் இன்று ராத்திரி வரலாம். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவும் முடியாது. நமக்குத் தெரியாது என்பதை மறைக்காமல் சொன்னேன். “எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஒவ்வொரு ராத்திரியும் ஒரு தனிச் சூதாட்டம். நேத்து தப்பியிருந்தா இன்னைக்கு ஆடவேண்டாம்.” அவள் சூதாட்டம் என்ற சொல்லை ரசிக்கவில்லை. ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவள். முறைத்தாள். ஆனால் உட்கார்ந்தாள்.

ஆபீஸ் வளாகத்தில் குச்சி காயப்போடுகிற களத்தின் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம்தான் சுவர். மழைக்குச் சும்மா கிடந்தது. முதலாளி இரண்டு கட்டிலும் போர்வையும் போடச் சொன்னார். கேட்டில் காவலாள் உண்டு. சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்து வந்தது. மகளுக்குத் துணையாகக் கடம்பூரிலிருந்து எஸ்தரின் தங்கை வந்து இறங்கினாள். அவளிடம் நான் வைத்த ஒரே கோரிக்கை, பீரோவை நகர்த்தி ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பது. நகர்த்தினாள். பீரோவுக்குப் பின்னால் காணாமல் போயிருந்த நாலு சாமான் கிடைத்ததாம், அதற்காக எனக்கு நன்றி சொன்னாள்.

இரண்டாவது கட்டிலுக்கு ஆள் மறுநாளே வந்தது. தைல வாசனை பொறுக்காமல் கத்திய செண்பகம், காலையில் காப்பி மணக்கவில்லை என்று வந்து நின்றாள்.

“எல்லாம் ஒன்னாலதான்ட்டி” என்றாள் எஸ்தரிடம்.

“நீ இருமுனதுதான் எனக்கு வந்துச்சு. பெரிய யோக்கியம் மாதிரிப் பேசுதா.”

“ரெண்டு பேருக்கும் மூக்கு போச்சு. வாய் மட்டும் போகல” என்றார் காவலாள், கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு.

எஸ்தர், செண்பகம், மகள் மூவருக்கும் எடுத்திருந்த பரிசோதனையின் முடிவு வந்தது. கொட்டகையில் இருந்த இருவருக்கும் இருந்தது. மகளுக்கு இல்லை. அதைச் சொல்லப் போனபோது எஸ்தர் காய்ச்சல் ஏறிக் கிடந்தாள். ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை விரலில் மாட்டிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுப்பு என்ற சொல்லுக்குப் பொருள் அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. திறந்த கொட்டகையில், மழைச் சாரலில், ஒரு தாயை வீட்டுக்குப் போகவிடாமல் படுக்க வைத்திருக்கிறேன். மூச்சு திணறினால் ஏற்றிக்கொண்டு போக வண்டி ஒன்றைக் களத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தேன். அந்த எண் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது, வேறு தொனியில் எழுதியிருப்பார்கள்.

அவள் எழுந்து உட்காரத் தொடங்கிய அன்று மகளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பதாகத் தங்கை போனில் சொன்னாள். எஸ்தர் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“வழிய விடுங்க சார்.”

“தனியா இருக்க வேண்டிய நாள் இன்னும் முடியலம்மா.”

“ஒங்க மகளா இருந்தா இப்படி நிப்பீங்களா?”

எனக்கு மகள் உண்டு. அவளுடைய பிரசவத்தின்போது நான் ஏதோ ஒரு தெருவில் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. ஒருவருடைய துக்கத்துக்கு நம் துக்கத்தைச் சில்லறையாகக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. நின்ற இடத்திலேயே நின்றேன். கேட்டில் பூட்டு இல்லை. என்னைத் தள்ளிவிட்டுப் போக அவளுக்குத் தெம்பும் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். கேட்டுக்கு உட்புறமாகவே நனைந்துகொண்டு நின்றாள். செண்பகம் வந்து அவள் தலையில் துண்டைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எஸ்தர் அதைக் காதில் வைக்கவில்லை, எல்லாரும் கேட்கும்படி பிடித்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. செண்பகம் முதலில் அழுதாள். எஸ்தர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தொண்ட நல்லாத் தெளிவா இருக்கு” என்றாள்.

ஆபீஸில் அதன் பிறகு புதிதாக யாரும் விழவில்லை. ஜன்னலைத் திறந்ததால் நின்றதா, நோய் தானாக ஓயும் நேரம் வந்ததா என்று கேட்டால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஓர் அறையை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனால் அன்று முதல் எந்த அறைக்குள் போனாலும், வகுப்பறையோ கல்யாண மண்டபமோ மினிபஸ்ஸோ, காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பார்த்த பிறகுதான் குனிகிறேன். நமுத்த பெட்டிகள் கொஞ்சம் வடக்கேயிருந்து திரும்பி வந்தன. முதலாளி என்னைக் கண்டால் இப்போதும் ஒரு குச்சியை உரசிக் காட்டிவிட்டுத்தான் பேசுவார். பற்றினால், “இது வெயில் காலத்துச் சரக்கு” என்பார்.

கடைசியாக ஒன்று. எஸ்தர் வீடு திரும்பிச் சில நாள் கழித்துக் குழந்தையைப் பார்க்கப் போனேன். கையில் ஒரு பொட்டலம் கடம்பூர் போளி. மழை விட்டு, காய்ந்த காற்று திரும்பியிருந்தது. வழியெல்லாம் புழுதி. தெருமுனையில் எனக்கு இரண்டு தும்மல் வந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எஸ்தர் பொருட்படுத்தினாள். நடைக்கு ஏறப்போனேன், கதவு நிலையில் வந்து நின்றுகொண்டாள்.

“எங்க வாரீங்க? அங்கனயே நில்லுங்க.”

“வெறும் தூசித் தும்மல்மா.”

“தூசியா என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

நியாயமான கேள்வி. இதற்கும் என்னிடம் உறுதியான பதில் இல்லை. தெருவில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து, நடைக்கு உள்ளேயே தள்ளி நின்று துணியை விலக்கிக் காட்டினாள். முகம் சரியாகத் தெரியவில்லை. நிறைய முடி இருந்தது. போளியை வெளியே திண்ணையில் வைக்கச் சொன்னாள்.

“பாத்தாச்சுல்லா? கெளம்புங்க.”

இத்தனை வருஷ வேலையில் நான் சொன்னதை ஒருவர் முழுதாகக் கடைப்பிடித்து அன்றுதான் பார்த்தேன். கிளம்பினேன்.